செரிமானம் எங்கே போயிற்று? என்.சி.இ.ஆர்.டி.க்கு ஓர் உயிரியல் ஆசிரியையின் திறந்த மடல்

பெறுநர்:
இயக்குநர் அவர்களும் பாடத்திட்டக் குழுவினரும்,
தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு (என்.சி.இ.ஆர்.டி.),
புது டெல்லி.

வணக்கம்.

தமிழ்நாட்டில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். நீங்கள் தயாரிக்கும் நூல் எங்கள் பள்ளியின் பாடநூல் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு மாநில அரசு தன் நூலை விலையில்லாமல் கொடுக்கிறது. அப்படியிருந்தும் உங்களுக்கு எழுத வேண்டி வந்திருக்கிறது. அது ஏன் என்பதுதான் இந்த மடலின் விஷயமே.

2023 நவம்பர். ப்ளஸ் ஒன் வகுப்பில் 'செரித்தல் மற்றும் உட்கிரகித்தல்' பாடத்தைத் தொடங்கினேன். கரும்பலகையில் இரைப்பையைப் பாதி வரைந்திருந்தபோது ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், இந்தப் பாடம் நீட்ல இல்லையாம். கோச்சிங்ல விட்ருங்கன்னு சொன்னாங்க. படிக்கணுமா?" மார்ச்சில் பொதுத்தேர்வு இருக்கிறது, அதற்குக் கட்டாயம் படிக்க வேண்டும் என்றேன். பின்னாலிருந்து ஒரு பையன், "டாக்டர் ஆகப் போறவளுக்கு வயிறு வேணாமா?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு மீதிப் பாதியை வரைந்தேன். ஆனால் அவளுக்கு நான் சொன்னது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. தேர்வு இருக்கிறது, படி என்றேன், அவ்வளவுதான். ஒரு பாடத்தை ஏன் படிக்க வேண்டும், ஏன் வேண்டாம் என்று முடிவுசெய்தவர்கள் நீங்கள். அந்தக் காரணம் என் கையில் இல்லை.

நடந்தது உங்களுக்கே தெரியும். கொரோனாவுக்குப் பின் சுமையைக் குறைக்கிறோம் என்று 2022-ல் உங்கள் நூல்களைச் சுருக்கினீர்கள். ப்ளஸ் ஒன் உயிரியலில் 22 பாடங்கள் 19 ஆயின. தாவரங்களில் கடத்துதல், கனிம ஊட்டம், செரிமானம் மூன்றும் போயின. ப்ளஸ் டூவில் 16 பாடங்கள் 13 ஆயின. உயிரிகளில் இனப்பெருக்கம், உணவு உற்பத்தியைப் பெருக்கும் உத்திகள், சுற்றுச்சூழல் பிரச்சினைகள் ஆகியவை நீங்கின. 2023 மே மாதம் நடந்த நீட் தேர்வின் பாடத்திட்டத்தில் இவை இருந்தன. அதே ஆண்டு அக்டோபரில் தேசிய மருத்துவ ஆணையம் 2024-க்கான பாடத்திட்டத்தை வெளியிட்டபோது இவையும் காணாமல் போயிருந்தன. தேர்வு 2024 மே 5. இடையில் ஏழு மாதம். இரண்டு வருடப் படிப்பில் ஒன்றரை வருடத்துக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஓடியிருந்தது.

செரிமானத்தை எடுத்ததில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் பத்தாம் வகுப்பு நூலில், உயிர் நடத்தும் செயல்கள் பற்றிய பாடத்தில், மனிதச் செரிமானம் ஓரளவு வந்துவிடுகிறது. மருத்துவக் கல்லூரியின் முதல் வருடத்தில் உடலியங்கியலில் மறுபடி விரிவாக வரும். நடுவில் ஒருமுறை குறைந்தால் குடி முழுகிவிடாது என்று ஒருவர் வாதாடலாம். நானே ஒரு மழை நாளில் ஆசிரியர் அறையில் அப்படி வாதாடிப் பார்த்தேன், எதிரே இருந்த வேதியியல் ஆசிரியரிடம் தோற்றேன். என் குறை வேறு. அந்த வாதத்தை நீங்கள் எங்கேயும் எழுதிவைக்கவில்லை. பொதுவான சில அளவுகோல்கள் மட்டும் சொன்னீர்கள்: வேறிடத்தில் திரும்ப வருவது, கடினமானது, பிள்ளைகள் தாங்களாகவே படித்துக்கொள்ளக்கூடியது, இன்றைக்குப் பொருந்தாதது. அப்புறம் நீக்கப்பட்டவற்றின் பட்டியல். எந்த நீக்கம் எந்த அளவுகோலில் வந்தது என்று கோடு போட்டுக் காட்டவில்லை. செரிமானம் திரும்ப வருவதா, கடினமா, தானாகப் படித்துக்கொள்ளலாமா, பொருந்தாததா? கடைசிக் காரணம் மட்டும் இருக்காது என்று நம்புகிறேன்.

பத்தாம் வகுப்பிலும் இதே கதைதான். தனிம வரிசை அட்டவணைக்கான பாடம் போயிற்று. 'மரபுவழியும் பரிணாமமும்' என்ற பாடம் 'மரபுவழி' என்று சுருங்கியது. இரண்டும் மேல்நிலை வகுப்பில் இருக்கின்றன என்றீர்கள். உண்மைதான். ஆனால் மேல்நிலையில் அறிவியல் பிரிவு எடுக்காத பிள்ளைகள் இனி எங்கே டார்வினைச் சந்திப்பார்கள்? 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு இதைத்தான் கேட்டார்கள். வரலாற்று நூலிலும் அரசியல் நூலிலும் நடந்தது இன்னொரு படி மேல். காந்தி கொலை தொடர்பான சில வரிகள் நீங்கியது உங்கள் பட்டியலிலேயே இல்லை. 2023 ஏப்ரலில் பத்திரிகைகள் எடுத்துச் சொன்ன பிறகு, கவனக்குறைவாக இருக்கலாம் என்று பதில் வந்தது. என் மாணவன் விடைத்தாளில் ஒரு பக்கத்தையே விட்டுவிட்டுக் 'கவனக்குறைவு' என்றால் நான் மதிப்பெண் போடுவதில்லை.

நீங்கள் யார் என்பதைக் கொஞ்சம் நினைவுபடுத்துவது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். 1961 செப்டம்பர் 1 அன்று, அப்போதிருந்த ஏழு தேசிய நிறுவனங்களை ஒன்றாக்கி உங்களை உருவாக்கினார்கள். கட்டளை போடும் துறையாக அல்ல, ஆய்வு செய்து மத்திய, மாநில அரசுகளுக்கு உதவவும் ஆலோசனை சொல்லவும் ஒரு சங்கமாக. கல்வி அப்போது மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976-ல் 42-ஆம் திருத்தம் அதைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டமும்கூட, எட்டாம் வகுப்பு வரை, தேசிய அளவில் ஒரு கலைத்திட்டச் சட்டகத்தை (எதை, எப்படிக் கற்பிப்பது என்ற பொது வரையறையை) வகுக்கும் வேலையை மத்திய அரசுக்குக் கொடுத்தாலும், மாநிலப் பள்ளிகளுக்கான பாடத்திட்டத்தை மாநில அரசு குறிக்கும் அமைப்பே வகுக்கும் என்றுதான் வைத்தது. சட்டகம் உங்களுடையது, நூல் அவரவருடையது. இது நல்ல ஏற்பாடு. ஒரே அளவில் தைத்த சட்டையை இந்தியாவுக்குப் போட முடியாது என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு.

ஆலோசனை சொல்லும் அமைப்புக்குப் பலம் எங்கிருந்து வரும்? சொல்கிற விஷயம் சரியாக இருப்பதிலிருந்துதான். என் வாயில் சாதாரணமாகப் புழங்கும் 'ப்ளஸ் டூ' என்ற சொல்லே அப்படி வந்தது. 1964-66-ன் கோத்தாரி குழு 10+2 என்ற அமைப்பைச் சொன்னது. 1975-ல் பத்தாண்டுப் பள்ளிக்கான கலைத்திட்டச் சட்டகத்தை நீங்கள் எழுதினீர்கள். தமிழ்நாடு 1978-ல் பி.யூ.சி. என்ற கல்லூரிப் புகுமுக வகுப்பை விட்டுவிட்டு மேல்நிலைக் கல்விக்கு மாறியது.

எனக்கு உங்கள்மேல் மரியாதை வந்தது 2005-ன் சட்டகத்தைப் படித்தபோது. அதன் வேர் 1993-ல் பேராசிரியர் யஷ்பால் குழு தந்த அறிக்கையில் இருக்கிறது. புத்தகப் பையின் கனத்தைப் பற்றி மாநிலங்களவையில் நாவலாசிரியர் ஆர்.கே. நாராயண் பேசிய பேச்சு அந்தக் குழுவுக்கு ஒரு தூண்டுகோல். குழுவோ, பையைவிடப் பெரிய பாரம் புரியாமல் படிப்பதுதான் என்று கண்டது. இருபது வருடமாக வகுப்பில் நான் பார்ப்பது அதைத்தான். பிறகு 2005-ல் அதே யஷ்பால் தலைமையில் சட்டகம் எழுதும்போது 21 குழுக்களை அமைத்தீர்கள். அறிவியல் கற்பிப்பதற்கு ஒன்று, கணிதத்துக்கு ஒன்று, இந்திய மொழிகளுக்கு ஒன்று, தேர்வுச் சீர்திருத்தத்துக்கு ஒன்று. ஒவ்வொரு குழுவும் தன் நிலைப்பாட்டை, யார் யார் இருந்தார்கள் என்ற பட்டியலோடு எழுதி வெளியிட்டது. அந்தச் சட்டகம் எட்டாம் அட்டவணை மொழிகளில் வந்தது, தமிழிலும் வந்தது. ஒத்துக்கொள்ளாதவர்கள்கூட எதை ஒத்துக்கொள்ளவில்லை என்று சுட்டிக்காட்ட முடிந்தது. 2022-ன் சுருக்கத்தில் அப்படிச் சுட்டிக்காட்ட ஒரு வரி இல்லை.

இது எந்தக் கட்சி ஆட்சி என்ற பேச்சு இல்லை. 2012-ல் வேறு ஆட்சி இருந்தது. அரசியலமைப்பு எழுதுவதன் தாமதத்தைப் பற்றி ஓவியர் சங்கர் 1949-ல் வரைந்த கேலிச்சித்திரம் உங்கள் பதினொன்றாம் வகுப்பு நூலில் இருந்தது என்று நாடாளுமன்றம் கொந்தளித்தது. நூலின் தலைமை ஆலோசகர்கள் இருவர் பதவி விலகினார்கள். அதே ஆண்டு, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றிய ஒரு கேலிச்சித்திரத்தை நீக்கச் சொல்லி எங்கள் மாநிலத் தலைவர்களும் குரல் கொடுத்தார்கள். ஆக, நூலில் பிடிக்காததைக் கிழிக்கச் சொல்வதில் எல்லாருக்கும் பங்கு உண்டு. அந்த நேரத்தில் ஒரு கல்வி அமைப்பைக் காப்பாற்றுவது அது முன்பே எழுதிவைத்த காரணங்கள்தான். கையில் காரணம் இல்லாதவர் யார் அழுத்தினாலும் நகர வேண்டியதுதான்.

2000-ன் சட்டகத்தை எதிர்த்த வழக்கில் 2002-ல் உச்ச நீதிமன்றம், மத்திய கல்வி ஆலோசனை வாரியத்தைக் கலந்துகொள்ளாதது ஒன்றுக்காகவே அந்தச் சட்டகம் செல்லாமல் போகாது என்று சொன்னது. சரி. சட்டப்படி கேட்டே தீர வேண்டும் என்றில்லை. ஆனால் 2005-ல் நீங்களே ஊர் ஊராகக் கேட்டீர்கள், அதனால்தான் அது நின்றது.

இப்போது நீட்டுக்கு வருகிறேன். உங்கள் நூலை எங்கள் பிள்ளைகள் படித்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் 180 கேள்விகளில் 90 உயிரியல். அவற்றில் பெரும்பாலானவை உங்கள் நூலின் வரிகளை ஒட்டியே வருகின்றன என்பது எந்தப் பயிற்சி மையத்திலும் முதல் நாள் சொல்லித்தரும் பாடம். 'லைன் பை லைன்' படி என்பார்கள். படத்துக்குக் கீழே உள்ள சின்ன எழுத்தையும் விடாதே என்பார்கள். 2005-ல் மனப்பாடத்திலிருந்து பிள்ளைகளை விடுவிக்கப் புறப்பட்ட அமைப்பின் நூலை இன்று நாடே மனப்பாடம் செய்கிறது. இந்த முரணை நினைத்து நீங்கள் யாராவது ராத்திரி தூக்கம் கெட்டிருந்தால், உங்களில் ஒருவராவது ஆசிரியர் என்று சந்தோஷப்படுவேன்.

ஆக, காகிதத்தில் நீங்கள் ஆலோசகர். வகுப்பறையில் உங்கள் நூல்தான் சட்டம். தேர்வை நடத்துவது தேசியத் தேர்வு முகமை, பாடத்திட்டத்தை வெளியிடுவது மருத்துவ ஆணையம், எங்களுக்குச் சம்பந்தம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் உங்கள் நூலில் ஒரு பாடம் நீங்கினால் இரண்டு வருடத்துக்குள் அது தேர்விலும் நீங்குகிறது என்பதைப் பார்த்துவிட்டோம். உங்கள் பேனா எங்கே தொடுகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழில் படிக்கும் பிள்ளைக்கு இதில் இன்னொரு சிக்கல். உங்கள் நூல்கள் ஆண்டாண்டு காலமாக இந்தி, ஆங்கிலம், உருது மொழிகளில்தான் வருகின்றன. 22 மொழிகளிலும் நூல் தயாரிக்கும் பொறுப்பு உங்களிடம் தரப்பட்டிருப்பதாக 2023 ஜூலையில் செய்தி வந்தது. மகிழ்ந்தேன். ஆனால் உங்கள் மேல்நிலை உயிரியல் நூலைத் தமிழில் என் வகுப்பில் எந்தப் பிள்ளையின் கையிலும் நான் இன்னும் பார்க்கவில்லை. பார்ப்பதெல்லாம் ஆங்கில நூலின் ஜெராக்ஸ், ஓரங்களில் பென்சிலில் தமிழ்ச் சொற்கள். தேர்வோ தமிழில் எழுதலாம், 13 மொழிகளில் நடக்கிறது. அந்தத் தமிழ் வினாத்தாளில் மொழிபெயர்ப்பு ஐயம் வந்தால் ஆங்கிலமே இறுதி என்பது விதி. 2018-ல் 49 கேள்விகளில் தமிழ் மொழிபெயர்ப்புத் தவறுகள் இருந்ததாக வழக்கு நடந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தீர்ப்பை நான் விமர்சிக்கவில்லை. என் வருத்தம் வேறு: நான் வகுப்பில் 'நொதி' என்று சொல்லிக்கொடுக்கிறேன், வினாத்தாள் 'என்சைம்' என்றால் பிள்ளை சமாளித்துவிடும். ஆனால் எல்லாச் சொல்லும் அவ்வளவு நல்ல சொல்லாக இருப்பதில்லை. மூன்று இடத்தில் மூன்று விதமாக மொழிபெயர்க்கப்பட்ட சொல்லுக்கு முன்னால் ஒரு பிள்ளை ஒரு நிமிடம் திகைத்து நின்றால், அடுத்த கேள்விக்கான நிமிடம் போய்விட்டது.

எங்கள் வீட்டுக் குறையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மடல் நேர்மையாக இராது. எங்கள் மேல்நிலைப் பாடத்திட்டம் பத்தாண்டுக்கு மேல் மாறாமலே கிடந்தது. ப்ளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே நேராக ப்ளஸ் டூ பாடத்தை இரண்டு வருடம் உருப்போட வைத்த பள்ளிகள் இங்கே நிறைய. புத்தகத்தின் பின்னால் இருக்கும் கேள்விகளைத் தாண்டி ஒன்று வந்துவிட்டால் 'அவுட் ஆஃப் சிலபஸ்' என்று கொதித்தவர்களில் நானும் ஒருத்தி. பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் 2017-ல் குழு அமைத்து, 2018 முதல் புதிய நூல்கள் வந்த பிறகுதான் மூச்சு வந்தது. எங்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பியதில் உங்கள் நூலுக்கும் ஒரு பங்கு உண்டு. அதை மறுத்தால் பொய்.

உங்கள் நூல் நல்ல நூல் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ப்ளஸ் ஒன் உயிரியலில் செல் பற்றிய அலகின் தொடக்கத்தில் ஜி.என். ராமச்சந்திரனுக்கு ஒரு பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து கொலாஜனின் மும்மடிச் சுருளைக் கண்டவர். 1954-ல் அது வெளிவந்தது. அந்தப் பக்கத்தை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் தமிழில் சொல்லிக்காட்டுகிறேன். தேர்வில் வராது என்று தெரிந்தும் பிள்ளைகள் பேனாவை வைத்துவிட்டுக் கேட்கிற சில நிமிடங்களில் அது ஒன்று.

அதனால்தான் கேட்கிறேன். 2023-ன் புதிய சட்டகப்படி நூல்கள் ஒவ்வொரு வகுப்பாக வருகின்றன. 2023-ல் ஒன்று, இரண்டாம் வகுப்புகள், 2024-ல் மூன்றும் ஆறும், 2025-ல் நான்கு, ஐந்து, ஏழு, எட்டு. மேல்நிலை வகுப்புகளுக்கும் இந்தக் கை நீளும். அப்போது நீக்குகிற, சேர்க்கிற ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு வரி எழுதிவையுங்கள். எந்தக் காரணத்தால், இது எந்த வகுப்பில் திரும்ப வருகிறது, யார் முடிவுசெய்தார்கள். இரண்டு வரிதான். செய்முறை நோட்டில் ஒரு சோதனைக்கு நோக்கம் எழுதாமல் கொண்டுவந்தால் நான் கையெழுத்துப் போடமாட்டேன், உங்களிடமும் அதைத்தான் கேட்கிறேன்.

இதைவிட அவசரமானது ஒன்று. ப்ளஸ் ஒன்னில் ஒரு பிள்ளை எந்த நூலைக் கையில் வாங்குகிறதோ, அதே நூலின்படிதான் இரண்டு வருடம் கழித்து அதன் நுழைவுத்தேர்வு நடக்க வேண்டும். நடுவில் எதை மாற்றினாலும் அடுத்த அணிக்குத்தான். இதை நீங்கள் மட்டும் செய்ய முடியாது, மருத்துவ ஆணையமும் தேர்வு முகமையும் சேர வேண்டும். ஆனால் நூலின் சொந்தக்காரர் என்ற முறையில் முதலில் எழுதிக் கேட்க வேண்டியவர் நீங்கள். கூடவே, எங்கள் நூல் கேள்வி வங்கி இல்லை, மாநில நூல்களில் பொதுவாக இருப்பவற்றிலிருந்தும் கேள்வி வர வேண்டும் என்று உங்கள் வாயால் ஒருமுறை சொல்லிவிடுங்கள். ஆயிரம் ஆசிரியர்கள் சொல்வதைவிட அது எடுபடும்.

கலைச்சொற்களுக்கு 1961-லேயே ஓர் ஆணையம் வைத்தார்கள். எங்கள் மாநிலத்திடமும் பல்லாண்டு உழைப்பில் சேர்ந்த சொல் வளம் இருக்கிறது. உங்கள் ஆள் ஒருவர், எங்கள் மாநிலக் கல்வியியல் நிறுவனத்தின் ஆள் ஒருவர், தேர்வு முகமையின் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் என்று மூன்று பேர் ஒரு மேசையில் உட்கார்ந்தால் உயிரியலுக்கு ஒரே சொற்பட்டியல் தயாராகிவிடும். டீ செலவு நான் தருகிறேன்.

அந்த மாணவி பொதுத்தேர்வுக்காகச் செரிமானத்தைப் படித்தாள், நன்றாகவே எழுதினாள். நீட்டுக்காக அந்தப் பக்கங்களை ரப்பர் பேண்டு போட்டுத் தனியாக ஒதுக்கிவைத்ததையும் பார்த்தேன். வரும் நவம்பரில் நான் மறுபடி அதே கரும்பலகையில் இரைப்பையை வரைவேன், பாதி வரைவதற்குள் யாராவது எழுந்து அதே கேள்வியைக் கேட்பார்கள். அதற்கு முன்னால் உங்கள் இரண்டு வரி வந்து சேர்ந்தால், படத்துக்குப் பக்கத்திலேயே எழுதிப் போட இடம் விட்டுவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியை,
அரசு மேல்நிலைப் பள்ளி, தமிழ்நாடு